டீசல் பம்ப கழட்டுறதுக்கு முன்னாடி டிரிப் நோட்ட கேட்ட கடை

நாமக்கல்ல திருச்செங்கோடு ரோட்டுல இருக்குற, லாரி இன்ஜினோட டீசல் பம்ப ரிப்பேர் பண்ற ஒரு கடைய பத்தி எழுதணும்னு மாசி மாசத்துல இருந்து நெனச்சுட்டே இருக்கேன், இப்ப தான் உக்கார நேரம் கெடச்சுது. கடைக்கு போர்டு இல்லீங்க. லேத் பட்டறைங்களுக்கு நடுவுல ஒரு தகர ஷெட்டு, வாசல்ல ஒரு வேப்பமரம், பக்கத்துல யார கேட்டாலும் "பம்ப் அண்ணன் கடையா, அதா"ன்னு கைய காட்டுவாங்க. அஞ்சுக்கு நாலரை மார்க் குடுக்குறேன், அரை மார்க் எதுக்கு கொறைச்சேன்னு அப்பறம் சொல்றேன்.

மொதல்ல வண்டி கதைய சொல்லிடுறேன், இல்லைன்னா அந்த அண்ணன் என்ன பண்ணாருன்னு புரியாது. எங்க வண்டி 2003 மாடல், ஆறு டயர், டர்போ இன்ஜின், பழைய இன்லைன் பம்ப், அதாவது ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியா டீசல் தள்ளுற எலிமென்ட் வரிசையா இருக்குற பம்ப். எங்க ஊர் பக்கம் அத மைக்கோ பம்புன்னு தான் சொல்லுவாங்க, 1951ல ஆரம்பிச்ச அந்த பெங்களூர் கம்பெனி 2008லயே பேர பாஷ்னு மாத்திக்கிச்சு, ஆனா பட்டறைல இன்னும் மைக்கோ தான். அப்பா 2015ல மூணாவது கையா வாங்குனாரு. ஒரே வண்டி தான் எங்களுக்கு, அது ஓடுனா தான் வீடு ஓடும். தை மாசம் ஆச்சுன்னா பெரம்பலூர் பக்கம் மக்காச்சோளம் அறுவடை, அங்க இருந்து துறையூர், தா.பேட்டை வழியா நாமக்கல் தீவன மில்லுக்கு லோடு அடிப்போம். நடுவுல தர்மபுரி பக்கம் கோழிப்பண்ணைக்கு தீவன மூட்டை ஏத்திட்டு போறதும் உண்டு. வருசத்துல நாங்க நாலு காசு பாக்குறது அந்த ரெண்டு மாசத்துல தான்.

இந்த தை பொறந்து ஒரு வாரம் கூட ஆகல, வண்டி நடுரோட்ல ஆஃப் ஆக ஆரம்பிச்சுது. நல்லா போயிட்டே இருக்கும், திடீர்னு புல்லிங் போகும், ஆக்சிலேட்டர் மிதிச்சா மிஸ்ஸிங் அடிக்கும், கருப்பு புகை எல்லாம் ஒண்ணும் வராது, அப்டியே இழுத்துட்டு இழுத்துட்டு போய் நின்னுடும். எங்க டிரைவர் எனக்கு சித்தப்பா முறை ஆகணும், முப்பது வருசமா லாரி ஓட்டுறவரு, எறங்கி பானட்ட தூக்கி பில்டர் மேல இருக்குற ஏர் ஸ்குரூவ லூஸ் பண்ணி கை பம்ப நாப்பது அம்பது தடவ அடிப்பாரு, நொரை நொரையா டீசல் வரும், நொரை நின்னதும் ஸ்குரூவ முறுக்கிட்டு ஸ்டார்ட் பண்ணா வண்டி ஒண்ணுமே நடக்காத மாதிரி கெளம்பும். சில நாள் அதுக்கப்பறம் ஊர் வந்து சேருற வரைக்கும் எதுவும் ஆகாது, சில நாள் இருவது கிலோமீட்டர்ல மறுபடி நிக்கும். பட்டறைக்கு கொண்டு போனா நிக்கவே நிக்காது. ஒரு மணி நேரம் ரேஸ் பண்ணி பாத்தாலும் கல்லு மாதிரி ஓடும். வந்து வந்து போற கோளாறுல இதான் கொடுமை, கண்ணுக்கு முன்னாடி வந்தா தானே மெக்கானிக்கும் எதையாவது பாப்பாரு.

தொப்பூர் ஏத்தத்துல ஒரு நா நின்னுச்சு. சேலத்துல இருந்து தர்மபுரி போற பக்கம், பத்து டன் தீவனம், ராத்திரி பதினோரு மணி. அந்த ரோட்டுல வண்டி ஓட்டுனவங்களுக்கு தெரியும், பின்னாடி வர்ற வண்டி எதுவும் நம்ம வண்டி நிக்குதுன்னு எதிர்பாக்காது. இன்ஜின் ஆஃப் ஆச்சுன்னா பிரேக்குக்கு காத்து ஏத்துற கம்ப்ரசரும் நின்னுடும், காத்து டேங்க்ல மிச்சம் இருக்குறது தான், ரெண்டு மூணு தடவ மிதிச்சா முள்ளு எறங்க ஆரம்பிச்சுடும். கிளீனர் பையன் குதிச்சு ஓடி வீலுக்கு கட்டை வச்சான், பின்னாடி இருவது அடில மரக்கிளைய ஒடிச்சு போட்டு டார்ச் அடிச்சுட்டு நின்னான். சித்தப்பா போன்ல பேசும்போது அவர் கொரல் நடுங்குனத அன்னைக்கு தான் மொத தடவ கேட்டேன். அதுக்கப்பறம் எனக்கு இது பணப் பிரச்சனையா தெரியல.

சரி, பம்ப் அண்ணன் கடைக்கு போறதுக்கு முன்னாடி வேற ஒரு பெரிய பட்டறைக்கு தான் போனோம். அந்த பேர இங்க எழுத விரும்பல. மொதல்ல ரெண்டு பில்டரும் மாத்துனாங்க, நாலு நாள் நல்லா ஓடுச்சு. மறுபடி நின்னுச்சு. டேங்க்ல இருந்து டீசல உறிஞ்சி மெயின் பம்புக்கு தள்ளுற பீட் பம்ப் போச்சுன்னு சொல்லி புதுசு போட்டாங்க, மூணு நாள் நல்லா ஓடுச்சு. மறுபடி. அப்பறம் மெயின் பம்பையே எறக்கி டெஸ்ட் பெஞ்ச்ல ஏத்தி, ஆறு எலிமென்ட், டெலிவரி வால்வ், டீசல் அளவு சரி பண்ற கேலிபரேஷன்னு 22,400 ரூபா பில். அதுக்கப்பறம் அஞ்சு நாள் ஓடுச்சுங்க. ஆறாவது நாள் துறையூர் தாண்டி நின்னுச்சு. திரும்ப போய் கேட்டா "இது வேற கம்ப்ளைன்ட், நாசில் பாக்கணும்"னு சொன்னாங்க, நாசில்னா சிலிண்டருக்குள்ள டீசல பீச்சுற மூக்கு. நியாயமா சொல்லணும்னா அந்த பம்ப் வேலை பொய் இல்ல, இருவது வருச பம்ப், எலிமென்ட் தேஞ்சு தான் இருந்துச்சு, கழட்டுனத எனக்கு காட்டுனாங்க, ஸ்டார்ட்டிங்கும் இப்ப முன்ன விட நல்லா இருக்கு. ஆனா நாங்க போனது அதுக்கு இல்லையே.

ஒவ்வொரு ரிப்பேருக்கு அப்பறமும் மூணு நாள் நாலு நாள் நல்லா ஓடுச்சுன்னு சொன்னேன் பாருங்க, அத மனசுல வச்சுக்குங்க, மொத்த வெசயமும் அதுல தான் இருக்கு.

எங்க மாமா ஒருத்தர் சங்ககிரில ரெண்டு லாரி வச்சிருக்காரு, அவர் தான் "அந்த ஷெட்டுக்கு போ, அவர் வேலை மெதுவா தான் செய்வாரு, ஆனா பாத்துட்டு தான் கை வைப்பாரு"ன்னு சொல்லி அனுப்புனாரு. காலைல ஒம்பதரைக்கு போனேன். அண்ணனுக்கு அம்பத்தஞ்சு வயசு இருக்கும், கண்ணாடிய நெத்தில ஏத்தி விட்டுட்டு ஒரு நாசில டெஸ்டர்ல வச்சு அடிச்சுட்டு இருந்தாரு. நான் போனதும் படபடன்னு பில்டர் மாத்துனது, பம்ப் எறக்குனதுன்னு எல்லாம் சொல்ல ஆரம்பிச்சேன். கைய காட்டி நிறுத்துனாரு.

"என்ன மாத்துனீங்கன்னு அப்பறம் கேக்குறேன் தம்பி. எங்கெங்க நின்னுச்சு, என்னிக்கு நின்னுச்சு, அத சொல்லுங்க."

எனக்கு தொப்பூர் மட்டும் தான் நல்லா ஞாபகம் இருந்துச்சு. சித்தப்பாவ கேட்டாரு. அவரு வண்டில இருந்து டிரிப் நோட்ட எடுத்துட்டு வந்தாரு. இங்க ஒரு வெசயம் சொல்லணும், எங்க வண்டில டீசல் கேஜ் வேல செய்யாது, வாங்குன நாள்ல இருந்தே முள்ளு படுத்து தான் கெடக்கும். அதனால சித்தப்பா ஒரு மூங்கில் குச்சில கத்தியால அஞ்சு கோடு போட்டு வச்சிருக்காரு, தினம் காலைல டேங்க்ல விட்டு பாத்து நோட்டுல "குச்சி 4", "குச்சி 2"ன்னு எழுதிடுவாரு. கிலோமீட்டர், டீசல் போட்ட ரூபா, எங்க நின்னுச்சு, எல்லாம் அதுல இருக்கு. அந்த நோட்ட நான் மாசக் கடைசில டீசல் கணக்கு பாக்க மட்டும் தான் தொறப்பேன்.

அண்ணன் காலண்டர் தாள் ஒண்ண கிழிச்சு பின்பக்கம் எழுத ஆரம்பிச்சாரு. வண்டி நின்ன நாள் ஒம்பது. ஒவ்வொண்ணுக்கும் அன்னைக்கு காலைல குச்சி எத்தன, அன்னைக்கு எத்தன கிலோமீட்டர் ஓடிருக்கு, ஏத்தமா சமமா, லோடா காலியா. முக்கா மணி நேரம். நான் பக்கத்து கடைல மூணு டீ வாங்கிட்டு வந்தேன், அவர் டம்ளர கைல வச்சுட்டே நோட்ட பெரட்டுறாரு, ஸ்பேனர தொடவே இல்ல. கடைசில தாள எங்கிட்ட திருப்பி வச்சாரு. ஒம்பதும் குச்சி ரெண்டு சுமாரு, இல்ல அதுக்கும் கீழ. மூணுக்கு மேல இருக்கும்போது ஒரு தடவ கூட நிக்கல.

எனக்கு ஒடம்பு சிலுத்துப் போச்சுங்க. பெரிய பட்டறைல ஒவ்வொரு தடவையும் வேலைய முடிச்சுட்டு வெளிய வந்ததும் என்ன பண்ணோம்? எதுத்தாப்ல இருக்குற பங்க்ல டீசல் போட்டோம். டேங்க் நெறஞ்சு இருந்த வரைக்கும் வண்டி நின்னதே இல்ல, நாங்க பில்டர் மாத்துனதுல சரியாச்சு, பீட் பம்ப் மாத்துனதுல சரியாச்சுன்னு நெனச்சுட்டு இருந்தோம். டீசல் எறங்க எறங்க கோளாறு திரும்பி வந்துருக்கு.

அதுக்காக அவர் ஒடனே டேங்க கழட்டிடல. "இது ஒரு சந்தேகம் தான் தம்பி, பாத்து தான் சொல்ல முடியும்"னாரு. வரிசையா சின்ன சின்னதா பாத்துட்டு வந்தாரு. மொதல்ல இன்ஜின் ஆஃப் பண்ற கேபிள். பழைய வண்டில சாவி திருப்புனா ஆஃப் ஆகாது, கேபிள இழுத்தா பம்ப்ல இருக்குற ஸ்டாப் லீவர் டீசல கட் பண்ணும். அந்த ஸ்பிரிங் வீக் ஆகி லீவர் ஆட்டத்துல பாதி நகந்தாலும் இதே மாதிரி புல்லிங் போகுமாம். நம்மளது டைட்டா தான் இருந்துச்சு. அடுத்து டேங்க் மூடி, அதுல காத்து போற சின்ன ஓட்டை அடச்சுட்டா டேங்க்குள்ள காத்து எறங்காது, ஒரு மணி நேரம் ஓடுனதும் பம்புக்கு டீசல் இழுக்க முடியாம நின்னுடும், மூடிய தொறந்தா "உஸ்"ஸுன்னு சத்தம் வரும். அது எங்களுக்கு ஏற்கனவே வேற ஒருத்தர் சொல்லி, மூடிய லூஸ் பண்ணி துணி சுத்தி ஓட்டி பாத்துட்டோம், அப்பவும் நின்னுச்சு, அத சொன்னதும் அதையும் தாள்ல எழுதிக்கிட்டாரு. அப்பறம் பீட் பம்ப். டேங்க் பக்கத்து ஓஸ கழட்டிட்டு அந்த வாய்ல கட்டவெரல வச்சுக்க சொல்லி பையன விட்டு கை பம்ப அடிக்க விட்டாரு, வெரல நல்லா இழுத்து புடிச்சுது. "புதுசா போட்டது நல்லா தான் இருக்கு. பழசும் நல்லா தான் இருந்திருக்கும்"னாரு.

அதுக்கப்பறம் செஞ்சது தான் எனக்கு ரொம்ப புடிச்சுது. பத்து லிட்டர் கேன்ல சுத்தமான டீசல், அத கேபின் பின்னாடி கட்டி, டேங்க்ல இருந்து வர்ற லைன மொத்தமா ஓரம் தள்ளிட்டு கேன்ல இருந்து நேரா பீட் பம்புக்கு ஒரு ஓஸ். ரிட்டர்ன் லைனையும் கேன்லயே விட்டாரு, இல்லைன்னா பம்ப் திருப்பி அனுப்புற டீசல் எல்லாம் டேங்க்குக்கு போய் கேன் சீக்கிரம் காலி ஆகிடும். லோடோட தான் வண்டிய கொண்டு போயிருந்தோம், அவர் தான் மாமாகிட்ட அப்டி சொல்லி விட்டிருந்தாரு, காலி வண்டில பம்புக்கு என்ன கஷ்டம் தெரியும்? ரோட்டுல முப்பது கிலோமீட்டர், ஏத்தம் எறக்கம் எல்லாம் பாத்து ஒரு ரவுண்டு. ஒரு மிஸ்ஸிங் இல்ல. அப்ப கேன்ல இருந்து நாசில் வரைக்கும் எல்லாமே நல்லா இருக்கு, பம்ப், பில்டர், எலிமென்ட் எதுலயும் கோளாறு இல்ல, கோளாறு அதுக்கு முன்னாடி, டேங்க்குக்கும் பீட் பம்புக்கும் நடுவுல.

அந்த இடத்த பத்தி அவர் சொன்னத அப்டியே எழுதுறேன், பழைய வண்டி வச்சிருக்குற எல்லாருக்கும் இது தெரியணும். பீட் பம்புல இருந்து மெயின் பம்ப் வரைக்கும் தள்ளுற பக்கம், அங்க ஓட்டை இருந்தா டீசல் வெளிய சொட்டும், கண்ணுக்கு தெரியும். டேங்க்ல இருந்து பீட் பம்ப் வரைக்கும் உறிஞ்சுற பக்கம், அங்க ஓட்டை இருந்தா வண்டி ஓடும்போது ஒரு சொட்டு கூட வெளிய வராது, காத்து தான் உள்ள போகும். அதனால வண்டிக்கு கீழ படுத்து ஈரத்த தேடுறவங்களுக்கு ஒண்ணும் கெடைக்காது. உள்ள போற காத்தும் ஒடனே வண்டிய நிறுத்தாது. பீட் பம்ப் இன்ஜினுக்கு வேணுங்கறத விட ரொம்ப அதிகமா டீசல் தள்ளும், மீதி ரிட்டர்ன்ல போகும், கொஞ்சம் கொஞ்சமா வர்ற காத்து அதோட சேந்து டேங்க்குக்கு போயிடும். ஏத்தத்துல இன்ஜின் முழு டீசல் கேக்கும்போது, இல்ல பில்டர் மேல தேங்குன காத்து ஒட்டுமொத்தமா நகரும்போது தான் எலிமென்ட்டுக்குள்ள காத்து போகும். காத்த அமுக்கி நாசில தொறக்க முடியாதுங்க, நாசில் தொறக்க 200 பாருக்கு மேல பிரஷர் வேணும், டீசல் அமுங்காது அதனால பிரஷர் ஏறும், காத்து ஸ்பிரிங் மாதிரி அமுங்கி அமுங்கி விரியும், அவ்ளோதான். இன்ஜின் சுத்தும், டீசல் போகாது.

ஒரு கண்ணாடி ஓஸ், உள்ள ஓடுறது வெளிய தெரியும், டீசலுக்குன்னே விக்கிறது, ஒரு மொழம் இருக்கும். அத பீட் பம்புக்கு வர்ற வழில மாட்டுனாரு. வண்டிய ஸ்டார்ட் பண்ணி ரேஸ் பண்ண சொன்னாரு. அன்னைக்கு குச்சி ஒண்ணரை தான் இருந்துச்சு, வேணும்னே டீசல் போடாம வாங்கன்னு சொல்லி இருந்தாரு. ஓஸுக்குள்ள சோடா பாட்டில் மாதிரி குமிழி குமிழியா ஓடுது. ரெண்டு மாசமா எங்கள தூங்க விடாதத கண்ணால பாத்தேன். சித்தப்பா குனிஞ்சு பாத்துட்டு நிமுந்தாரு, ஒண்ணும் பேசல, துண்டால மொகத்த தொடச்சுக்கிட்டாரு.

அப்பறம் வெளிய இருக்குற ஒவ்வொரு ஜாயின்ட்டா கிரீஸ் அப்புனாரு, டீசல்ல இருந்து தண்ணிய பிரிக்கிற வாட்டர் செப்பரேட்டரோட தலை, உள்ள ஓட்டை வழியா டீசல் போற பேன்ஜோ போல்ட், கிளிப்பு, சேஸ் ஓரமா போற இரும்பு குழாய்க்கும் ரப்பர் ஓஸுக்கும் நடுவுல இருக்குற சேர்மானம். ஒரு பேன்ஜோ போல்ட்டுல செம்பு வாசர் ரெண்டாவது தடவ போட்டது, தேஞ்சு தகடா இருந்துச்சு, அத மாத்துனதும் குமிழி லேசா கொறஞ்சுது, ஆனா நிக்கல. அப்ப தான் பையன கூப்ட்டு பக்கத்து பங்க்ல நாப்பது லிட்டர் வாங்கியார சொன்னாரு. இன்ஜின் ஓடிட்டே இருக்கு, டேங்க்ல கேன கவுத்து கவுத்து ஊத்துறாங்க, நாங்க மூணு பேரும் கண்ணாடி ஓஸையே பாத்துட்டு நிக்கிறோம். ரெண்டாவது கேன் பாதி எறங்கும்போது குமிழி அப்டியே நின்னு போச்சு. தேன் மாதிரி தெளிவா டீசல் ஓடுது.

"இளநி குடிக்கிற ஸ்ட்ரால நடுவுல ஓட்டை இருந்தா என்ன தம்பி ஆகும்? ஓட்டை தண்ணிக்குள்ள முங்கி இருக்குற வரைக்கும் இளநி வரும். தண்ணி எறங்கி ஓட்டை வெளிய வந்துட்டா காத்து தான் வரும். டேங்க்குக்குள்ள டீசல் இழுக்குற குழாய கழட்டுங்க."

கழட்டுனோம். டேங்க் மேல இருந்து அடி வரைக்கும் எறங்குற குழாய், உள்ள டீசல் அலம்பாம இருக்க ஒரு தடுப்பு தகடு இருக்கும், அதோட குழாய புடிச்சு நிறுத்துற கிளிப் எப்பவோ விட்டு போயிருக்கு, குழாய் அந்த தகட்டுல வருசக்கணக்கா ஒரசி ஒரசி நகக்கண் அளவுக்கு ஒரு கீறல். வெளிச்சத்துல புடிச்சா தான் தெரியுது. குச்சிய பக்கத்துல வச்சு பாத்தோம், ரெண்டாவது கோட்டுக்கு ஒரு வெரக்கடை மேல. ஏத்தத்துல வண்டி சாயும்போது டீசல் ஒரு பக்கம் ஒதுங்கும், அதனால தான் குச்சி ரெண்டுக்கு கொஞ்சம் மேல இருந்த அன்னைக்கு கூட தொப்பூர்ல நின்னுருக்கு. சமதரைல தப்பிச்சுக்கும், மேட்டுல மாட்டிக்கும்.

அந்த கீறல பித்தளை ஊத்தி அடைக்கலாம்னு நான் கேட்டேன். வேண்டாம்னுட்டாரு, ஒரு எடத்துல தேஞ்ச குழாய் பக்கத்துலயும் தேஞ்சு தான் இருக்கும்னு. அதே சைஸ்ல புது குழாய் வாங்கி வளச்சு, மேல் தட்டோட வெளிய வச்சு வெல்டிங் பண்ணி, டேங்க் அடில இருந்து ரெண்டு வெரக்கடை தூக்கி நிறுத்துனாரு, அடில தங்குற தண்ணியும் துருவும் நேரா இழுக்காம இருக்க. புது கிளிப் போட்டாரு, தகட்டுக்கும் குழாய்க்கும் நடுவுல ஒரசாம ஒரு தடிப்பான ரப்பர். டேங்க கழட்டி எறக்கி அடி அழுக்க அலசி ஊத்துனாங்க, ஒரு டம்ளர் அளவுக்கு செம்மண்ணு மாதிரி துரு. டேங்க் மேல நேரா கேஸ் வெல்டிங் வைக்கிறவங்க நம்ம பக்கம் இருக்காங்க, காலி டேங்க் தான் ஆபத்து, உள்ள ஆவி நிக்கும், தயவு செஞ்சு யாரும் அதுக்கு ஒத்துக்காதீங்க.

மொத்த பில் 2,650 ரூபா. குழாய், வாசர் எல்லாம் புதுசு, ரப்பர் ஓஸ் ரெண்டு, கிளிப்பு, டேங்க் கழட்டி மாட்டுன கூலி, எல்லாம் சேத்து. காலண்டர் தாள்ல எழுதி முக்கா மணி நேரம் உக்காந்ததுக்கு அவர் ஒரு ரூபா கூட போடல. நான் அதுக்கும் சேத்து குடுக்க போனேன், வாங்கல. எனக்கு என்னமோ அந்த முக்கா மணி நேரம் தான் வேலையே, மத்தது எல்லாம் யார் வேணா செஞ்சிருப்பாங்க. பம்ப் கடைக்காரர் பம்ப கழட்டுனா தான் காசு, கழட்டாம "உங்க பம்ப் நல்லா இருக்கு"ன்னு சொல்றதுக்கு ஒரு மனசு வேணும்.

மாசி கடைசில வேலை முடிஞ்சுது, இப்ப ஆனி. குச்சி ஒண்ணுக்கு கீழ எறங்குன நாள்லயும் தொப்பூர் ஏறிருக்கோம், ஒரு தடவ கூட நிக்கல. கை பம்ப தொடவே இல்லைன்னு சித்தப்பா சொல்றாரு.

இப்ப அரை மார்க் வெசயம். கடைல ஒரு நேரத்துல ஒரு வண்டி தான் நிக்கும், லோடு வண்டின்னா ரோட்டோரம் தான் போடணும், மத்தியானம் வெயில்ல கிளீனர் பையனுக்கு அங்க நிக்க நெழல் இல்ல. போன் எடுக்கவே மாட்டாரு, கைல டீசல் இருக்கும்போது எடுக்க மாட்டேங்கறாரு, எப்பவும் கைல டீசல் தான் இருக்கு. வெளியூர்ல இருந்து வர்றவங்க ஒரு நாள் முன்னாடி நேர்ல வந்து சொல்லிட்டு போனா நல்லது, எங்களுக்கே ரெண்டு நாள் காத்திருக்க வேண்டி ஆச்சு. பில் வேணும்னா கேட்டு வாங்கணும், தானா தர மாட்டாரு, ஓனருக்கு கணக்கு காட்டுற டிரைவருங்க இத கவனிச்சுக்குங்க. அப்பறம் காமன் ரெயில் வண்டி, அதாவது கம்ப்யூட்டர் வச்சு டீசல் விடுற வண்டி எல்லாம் அவர் தொட மாட்டாரு, 2017ல பி.எஸ் 4 புகை விதி வந்ததுக்கு அப்பறம் வந்த வண்டில பல அப்டி தான், அத வச்சிருக்குறவங்க ஸ்கேனர் இருக்குற எடத்துக்கு போங்க, அவரே வழி சொல்லி அனுப்புவாரு. இன்லைன் பம்ப், ரோட்டரி பம்ப் இதுக்கு மட்டும் தான் இந்த கடை.

கண்ணாடி ஓஸ பத்தியும் கொஞ்சம் சொல்லணும், போன வாரம் பங்காளி ஒருத்தர் கேட்டாரு. மொழம் 90 ரூபாக்கு ஹார்ட்வேர் கடைல கெடைக்குது, டீசலுக்குன்னு கேட்டு வாங்கணும், சும்மா தண்ணி ஓஸ் வாங்குனா ரெண்டு நாள்ல வெறச்சு போயிடும். எங்களுக்கு ஒரு துண்டு குடுத்து அனுப்புனாரு, டூல் பாக்ஸ்ல வச்சிருக்கோம். ஆனா அதையே வண்டில நெரந்தரமா மாட்டி விட்டுடாதீங்க, இன்ஜின் சூட்டுல எளகி கிளிப்புல இருந்து நழுவும், அப்ப அதுவே காத்து இழுக்கும், பாத்து முடிச்சதும் பழைய ஓஸ மாட்டிடணும். உறிஞ்சுற பக்கம் மட்டும் தான் இத மாட்டணும். பம்ப்ல இருந்து நாசிலுக்கு போற இரும்பு பைப்ல இன்ஜின் ஓடும்போது கைய கொண்டு போகவே கூடாது, அதுல கசியுற டீசல் ஊசி மாதிரி தோலுக்குள்ள எறங்கிடும், அப்டி ஆச்சுன்னா காயம் சின்னதா இருந்தாலும் ஒடனே ஆஸ்பத்திரி போயிடணும்.

டீசல் கேஜையும் போன மாசம் சரி பண்ணிட்டோம், டேங்க்குக்குள்ள மிதவை தான் போயிருந்துச்சு. முள்ளு இப்ப எந்திரிச்சு நிக்குது. சித்தப்பா அத நம்பல, இன்னும் காலைல குச்சி விட்டு பாத்து தான் நோட்டுல எழுதுறாரு, எழுதட்டும்னு நானும் விட்டுட்டேன், புது நோட்டும் நான் தான் வாங்கி குடுத்தேன்.

கடை காலைல ஒம்பதரைக்கு தொறந்து சாயந்தரம் ஏழு வரைக்கும், ஞாயித்துக்கிழமை லீவு. காத்து புடிக்கிற கம்ப்ளைன்ட்டுக்கு போறவங்க டீசல் போடாம, வண்டி நின்ன தேதிய எழுதிட்டு போங்க, அவர் மொதல்ல அத தான் கேப்பாரு.